மூணு குருவி, நாலு குருவி

என் மனைவி வாணியம்பாடிப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் செக்‌ஷனில் இருக்கிறாள். காலை ஆறரைக்கு கம்பெனி வேன் வந்து ஹாரன் அடித்தால், பாதி காபியோடு ஓடுவாள். நான் பி.காம். முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்து பத்திரிகைகளுக்கு எழுதுகிறேன். 'இந்த இரண்டு பேரில் சும்மா இருப்பது யார்?' என்று ஆலங்காயத்தில் எங்கள் தெருவில் நீங்கள் ஒரு வாக்கெடுப்பு நடத்தினால், முடிவு ஏகமனதாக இருக்கும்.

ஆகவே, இந்தப் பொங்கலுக்கு வீட்டை அலங்காரம் பண்ணுகிற பொறுப்பு என் தலையில் விழுந்தது.

இத்தனை வருஷமாக அது அம்மாவின் இலாகா. மார்கழி பிறந்தால் வாசலில் கோலம், கோலத்தின் நடுவே சாணி உருண்டை, அதன் தலையில் பரங்கிப்பூ. போகிக்குக் காப்புக் கட்டு. பொங்கலுக்கு மாவிலையும் குருத்தோலையும். டிசம்பரில் எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்கு மூங்கில் சிம்பும் கலர் காகிதமும் மைதாப் பசையும் வைத்து ஒரு ஸ்டார். (பசையில் துளி மயில்துத்தம் போடுவாள். இல்லாவிட்டால் கிறிஸ்துமஸை நமக்கு முன்னால் கரப்பான்பூச்சி கொண்டாடிவிடும்.) இத்தனைக்கும் சேர்த்து வருஷத்துக்கு ஒரு தடவை, "இருபது ரூபா குடு, நூல்கண்டு வாங்கணும்" என்பாள். ஆண்டு பட்ஜெட் அவ்வளவுதான். வரவு செலவு படித்தவன் சொல்கிறேன், இப்படி ஓர் இலாகா மத்திய அரசில்கூடக் கிடையாது.

ஐப்பசியில் ஒரு நாள் விடியற்காலை அம்மா கோலமாவு டப்பாவோடு வாசலில் சாய்ந்துவிட்டாள். பக்கவாதம். உயிருக்கு ஒன்றுமில்லை; வலது கை, வலது கால் பேச்சுக் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்து கொடுத்து, தினமும் நூறு தடவை அமுக்கச் சொன்னார்கள். வலது கையில் வைத்து அமுக்க முயற்சி, இடது கையால் அதற்கு உதவி. அம்மா பந்தை ஒரு பார்வை பார்த்தாள். "நான் இன்னா கொழந்தையா?" என்றாள். அதோடு சரி. பந்து ஜன்னலில் உட்கார்ந்துவிட்டது. அம்மா கட்டிலில் படுத்துவிட்டாள். சுவரைப் பார்த்தபடி. சாப்பிட்டியா என்றால் 'ம்'. தூங்கினியா என்றால் 'ம்'. தெருவில் நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சிரிக்கிற அம்மாவை நாங்கள் பார்த்து இரண்டு மாதமாகியிருந்தது.

சரி, பொங்கலுக்கு வருவோம்.

நான் படித்தவன் இல்லையா? நேரே வாணியம்பாடி போய், 180 ரூபாய்க்கு ஒரு பிளாஸ்டிக் தோரணம் வாங்கி வந்தேன். பச்சைப் பசேலென்று மாவிலை, நடுநடுவே ஆரஞ்சு சாமந்தி. தண்ணீரில் அலசினால் புதுசு. அம்மா பார்க்கட்டும் என்று கட்டிலுக்கு எதிரே மாட்டினேன்.

ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எத்தினி வருஷம் வரும்?"

"அஞ்சு வருஷம் கேரண்டிம்மா!"

"அஞ்சு வருஷமும் இதே எலையா?" என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் தோரணத்தைக் கழற்றிக் கவரில் போட்டேன்.

காப்புக் கட்டு என்றால் சில ஊர்க்காரர்களுக்குத் தெரியாது. மார்கழி கடைசி நாள், போகி சாயங்காலம், வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வீட்டுக் கூரையில் செருகுவது. சேலம், தருமபுரி, கொங்குப் பக்கமெல்லாம் இது இல்லாமல் பொங்கல் இல்லை. அம்மா பிறந்தது ஊத்தங்கரைப் பக்கம். சீதனமாக இந்தப் பழக்கத்தையும் கொண்டுவந்தவள். பூளைப்பூ என்பது வேறொன்றுமில்லை, வைத்தியர்கள் சிறுபீளை என்று சொல்லிச் சிறுநீரகக் கல்லுக்குக் கொடுக்கிறார்களே, அதுதான். வெள்ளை வெள்ளையாக, பஞ்சைத் திரித்து வைத்த மாதிரி கதிர். கூரையில் செருகுவதால் கூரைப்பூ என்றே சில ஊரில் பெயர்.

அதைத் தேடி என் மகளையும் எக்செல்லில் ஏற்றிக்கொண்டு போகியன்று காலையில் கிளம்பினேன்.

ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலைக்கு ஏறுகிற ரோடு காவலூருக்குப் போகிறது. வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிற காவலூர். 93 அங்குலத் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. 1988 பிப்ரவரியில் அங்கிருந்து ஒரு சிறுகோளையே கண்டுபிடித்து, ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். அப்பேர்ப்பட்ட ரோட்டில் போய், காலடியில் முளைக்கிற பூளைப்பூவை என்னால் ஒரு மணி நேரம் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் சின்ன வயதில் பறித்த இடமெல்லாம் இப்போது கல் நட்டு, மஞ்சள் பெயின்ட் அடித்து, 'மனை விற்பனைக்கு' என்று நிற்கிறது.

"இன்னா தம்பி தேடற?"

ஆடு மேய்க்கிற பெரியவர். எண்பது இருக்கும். சொன்னேன். கோலால் காட்டினார். கரம்பு நிலத்தின் ஓரத்தில், நான் வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போட்டிருந்த இடத்துக்குக் கீழேயே பூளைப்பூ! ஸ்டாண்டை எடுத்துவிட்டுப் பறித்தோம். கொஞ்சம் தள்ளி ஆவாரை, புதருக்குப் புதர் மஞ்சளாக நின்றது.

பெரியவர் ஒரு கிளையை வளைத்துக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "ஒனக்குப் பூ வேணும். எங்களுக்கு இதும் பட்டைதான் வேணும். சின்னப் பையனா இருக்கசொல்ல, கெளைய வெட்டி, தட்டி, பட்டை உரிச்சி, காயவெச்சி, கட்டு கட்டித் தலையில தூக்கினு போவோம். தோல் ஊறவெக்கிறவங்க வாங்கிப்பாங்க. அருவா பட்டு கையெல்லாம் கறுத்துப் பூடும். ஒரு வாரத்துக்குச் சோறு கறுப்பாத் தெரியும்."

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. தோல் ஊரில் பிறந்து வளர்ந்து, தோலில் சம்பாதிக்கிற மனைவியின் சம்பளத்தில் சாப்பிடுகிறவன் நான். எனக்கு இது தெரியாது. வீட்டுக்கு வந்து அவசர அவசரமாகப் படித்துப் பார்த்தேன்.

பெரியவர் சொன்னது சரித்திரம், சார்! பழைய சென்னை ராஜதானியில் தோல் பதனிட்டதே ஆவாரம்பட்டையை வைத்துத்தான். பட்டையில் இருக்கிற துவர்ப்புதான் தோலை அழுகவிடாமல் காக்கிறது. ஒரே குறை, அப்படிப் பதப்படுத்திய தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துபோகும். அதற்குக் கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் ஒரு முழுக்கு. கடுக்காயும் நம் ஜவ்வாது மலைச் சரக்குதான். இந்தத் தோலுக்கு லண்டன் சந்தையில் 'ஈஸ்ட் இண்டியா' தோல் என்று பெயர். முதல் உலகப் போரில் (1914-18) பிரிட்டிஷ் சிப்பாய்களின் பூட்ஸுக்கு இங்கிருந்து கப்பல் கப்பலாகப் போனது. ஜெர்மன்காரனைத் துரத்தியதில் நம் ஆவாரஞ்செடிக்கும் ஒரு சின்னப் பங்கு உண்டு என்று நான் சொன்னால், சரித்திரப் பேராசிரியர்கள் கோபிக்கக்கூடாது.

அப்புறம் ஆப்பிரிக்காவிலிருந்து வாட்டில் மரப்பட்டை வந்தது. பட்டைத் தொட்டியில் வாரக்கணக்கில் ஊறவேண்டியதை ஒரு நாளில் முடித்துவிடுகிற குரோம் உப்பு வந்தது. 1970களில் பச்சைத் தோலும் அரைகுறையாகப் பதனிட்ட தோலும் வெளிநாடு போவதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. அதனால் இங்கேயே ஷூ தைக்கிற கம்பெனிகள் பெருகின. என் மனைவிக்கு வேலை வந்தது. பாலாறு என்ன ஆனது, 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் டேனரிகளைப் பற்றி என்ன தீர்ப்புச் சொன்னது என்பதெல்லாம் பெரிய கதை. பண்டிகை நாளில் வேண்டாம்.

நான் அம்மாவிடம் ஓடிப்போய் ஆவாரம்பட்டை விஷயத்தைச் சொன்னேன். அம்மா இரண்டு மாதத்தில் முதல் தடவையாக ஒரு முழு வாக்கியம் பேசினாள்.

"இது தெரியாதா ஒனக்கு? ஒங்க தாத்தா பட்டை உரிச்சவருதான்."

எழுத்தாளன் என்று பெயர்!

அன்று சாயங்காலம் காப்புக் கட்டு. கட்டிலில் சாய்ந்தபடி அம்மா டைரக்‌ஷன். "பின்னால வேப்பிலை வையி. நடுவுல ஆவாரை. பூளை முன்னால நிக்கணும். நாரை நனைச்சியா? நனைக்காத நாரு அறுந்து பூடும்." வாழைநாரைத் தண்ணீரில் போட்டு எடுத்து வந்து கட்ட ஆரம்பித்தேன். இரண்டு கையாலும் முடிச்சுப் போடும்போது கொத்தை யார் பிடிப்பது? மகள் டிவி முன்னால். நான் யோசிக்காமல் கொத்தை அம்மாவிடம் நீட்டினேன். அம்மாவும் யோசிக்காமல் இடது கையால் வாங்கி, வலது கையை அண்டக் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். நான் முடிச்சுப் போட்டேன். இரண்டாவது கொத்து. மூன்றாவது. பதினோரு கொத்து கட்டினோம். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

கட்டியாயிற்று, செருகுவது எங்கே? கான்கிரீட் வீட்டில் கூரை ஏது? கரண்டு மீட்டர் பெட்டி, கேட்டு, மொட்டை மாடிக் கம்பி என்று செருகினேன். "கெணத்துக்கு?" என்றாள் அம்மா. கிணறு இல்லை, மோட்டார் பம்புக்கு ஒரு கொத்து. "மாட்டுக் கொட்டாய்க்கு?" மாடு இல்லை. எக்செல் நிற்கிற இடத்தில் ஒரு கொத்து. அதுவும் சில நாள் காலையில் எழுந்திருக்க மாட்டேன் என்று படுத்துக்கொள்கிற ஜீவன்தான்.

மாவிலைத் தோரணத்தில் பெரிய சமாசாரம் இல்லை. ரொம்பத் துளிரும் வேண்டாம், ரொம்ப முற்றலும் வேண்டாம். இலையின் தலையைக் காம்போடு கயிற்றின் மேல் மடித்து, ஈர்க்குத் துண்டால் குத்த வேண்டும். நான் ஸ்டேப்ளரை எடுத்தேன். அம்மா பார்த்த பார்வையில் அதை மறுபடி மேஜைக்குள் வைத்துவிட்டேன்.

குருத்தோலையில்தான் வந்தது வினை.

நாற்பது ரூபாய்க்கு ஒரு கட்டு குருத்து வாங்கி வந்திருந்தேன். ("காய்க்கிற மரத்துலேந்து வெட்டினதா?" என்று அம்மா இரண்டு தடவை கேட்டாள். தென்னைக்கு உயிர் உச்சியில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அங்கே கத்தி ஆழமாகப் பட்டால் மரமே போய்விடும்.) ராத்திரி அம்மா மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கியாயிற்று. மனைவி பொங்கல் சாமானெல்லாம் எடுத்து வைத்துவிட்டுச் சாய்ந்துவிட்டாள். நான் மட்டும் கத்தியும் ஓலையுமாக. ஈர்க்கை நடுவில் விட்டு, இரண்டு பக்கமும் பட்டை பட்டையாகக் கீறி, கீறின நாக்குகளை மடித்துச் செருகினால் குருவி மாதிரி வரும். அம்மா செய்து பார்த்திருக்கிறேன். ஒரு தோரணத்தில் வரிசையாக நாலு குருவி தொங்கும்.

நான் ஒரு குருவி செய்ய இருபது நிமிஷம் ஆயிற்று. அது குருவி மாதிரியும் இல்லை. மழையில் நனைந்த காக்காய் மாதிரி இருந்தது. பத்து தோரணம் தேவை. பத்து நாலு நாற்பது குருவி. இங்கேதான் என் பி.காம். வேலை செய்தது. தோரணத்துக்கு ஒரு குருவியைக் குறைத்தால்? முப்பதுதான்! 25 சதவீதம் சேமிப்பு. ஓலையும் மிச்சம், உழைப்பும் மிச்சம், தூரத்திலிருந்து பார்க்கிறவன் எண்ணிக்கொண்டா இருக்கப் போகிறான்?

கை பழகியதும் வேகம் வந்துவிட்டது. பதினோரு மணிக்கு வாசலில் கட்டிக்கொண்டிருக்கும்போது கரண்டு போயிற்று. இருட்டிலேயே கட்டி முடித்துவிட்டு, ஒரு சாதனையாளனாகப் போய்ப் படுத்தேன்.

பொங்கலன்று விடியற்காலை நாலரைக்கு மனைவி டார்ச் லைட்டோடு வாசலுக்குப் போனாள். அம்மா முந்தின நாளே கோலம் சொல்லியிருந்தாள்: பதினைந்து புள்ளி, ஊடுபுள்ளி, எட்டில் நிறுத்தம். (மொத்தம் 169 புள்ளி. நான் கூட்டிப் பார்த்துவிட்டேன். வைக்கிறவள் கூட்டிப் பார்ப்பதில்லை.) குனிந்த தலை நிமிராமல் புள்ளி வைத்துக்கொண்டிருக்கிறாள். எதிர்வீட்டு அக்கா பாலுக்குப் போக வெளியே வந்தார்கள். எங்கள் வாசலை டார்ச் வெளிச்சத்தில் பார்த்தார்கள். பால் பாத்திரம் கீழே விழுந்தது.

"அடிப்பாவி... எப்படி போச்சு?"

மனைவி தலை நிமிராமல், "ராத்திரி பதினொண்ணுக்கே போயிடுச்சுக்கா" என்றாள்.

"யாருகிட்டயும் சொல்லலியா?"

"போன் பண்ணோம்க்கா, யாரும் எடுக்கல. இன்னும் வரல பாருங்க."

"போனது எப்பிடிடி வரும்!" என்று கத்திவிட்டு, அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தார்கள். என் மனைவிக்குத் தெருவே இப்படி மின்வாரியத்துக்காக அழுவது புதிதாக இருந்திருக்கிறது.

அதற்குள் இன்னும் நாலு பேர். அழுகைச் சத்தத்தில் நான் எழுந்து ஓடிவந்தால், ஒரு பெரியவர் என் தோளில் கை வைத்து, "வயசாச்சி தம்பி, மனசைத் தேத்திக்க" என்கிறார். எனக்கு அப்போதுகூட விளங்கவில்லை. அவர்தான் மேலே கையைக் காட்டினார்.

விஷயம் இதுதான், வாசகர்களே. குருத்தோலைத் தோரணத்தில் நாலு குருவி இருந்தால் மங்கலம். கல்யாணம், காதுகுத்து, பொங்கல். மூன்று குருவி இருந்தால் அந்த வீட்டில் சாவு. ஓலைக்கு எழுத்துத் தேவையில்லை. தெருவில் போகிறவனுக்கு எண்ணிக்கையே சேதி சொல்லிவிடும். நான் 25 சதவீதம் மிச்சம் பிடித்துப் பத்து இடத்தில் சாவு அறிவிப்பு ஒட்டியிருக்கிறேன்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாரு அழுவறது?"

வாசலில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் வாயை மூடினார்கள். எதிர்வீட்டு அக்கா மெதுவாக உள்ளே போய், கட்டிலில் உட்கார்ந்திருந்த அம்மாவைத் தொட்டுப் பார்த்தார்கள். விஷயத்தைச் சொன்னார்கள். அம்மா முதலில் அக்காவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நேத்துதான் ஆவாரம்பூ காப்புக் கட்டிக்கீது, இந்த வூட்ல சாவு விசாரிக்க வந்தியாடி?" என்று கேட்டுவிட்டு, சிரிக்க ஆரம்பித்தாள். வாய் கொஞ்சம் கோணித்தான் இருந்தது. ஆனால் அதே சிரிப்பு. நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும். அழ வந்தவர்கள் எல்லாரும் சேர்ந்து சிரித்து, கடைசியில் என் மனைவி அத்தனை பேருக்கும் காபி போட வேண்டியதாயிற்று.

ஏழு மணிக்கு சித்தப்பா வந்தார். அவருக்கு யாரோ போன் போட்டுவிட்டிருக்கிறார்கள்; திருத்தம் போய்ச் சேரவில்லை. கையில் பெரிய ரோஜா மாலை. கட்டிலில் உட்கார்ந்து காபி குடிக்கிற அண்ணியைப் பார்த்ததும், மாலையை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றார்.

"குடு இங்க. துட்டு போட்டு வாங்கினது தானே?" என்று அம்மா மாலையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். ரோஜாக்களை ஒவ்வொன்றாக உருவி மகள் கையில் கொடுத்தாள். "கோலத்துல சாணி உருண்டை வெச்சி, இத்த சொருவு. இந்த வருஷம் பரங்கிப்பூ கெடைக்கல." அந்தப் பொங்கலில் ஆலங்காயத்தில் எங்கள் வாசலில் மட்டும்தான் ரோஜாப்பூக் கோலம். போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். சித்தப்பா மட்டும் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

தோரணம்? பத்தையும் நான்தான் கழற்றினேன். மிச்சமிருந்த ஓலையை அம்மா கட்டிலுக்குக் கேட்டாள். வலது கையை ஓலையின் மேல் கல் மாதிரி வைத்து அழுத்திக்கொண்டு, இடது கையால் மடித்து, பல்லால் இழுத்து... ஒரு குருவிக்கு முக்கால் மணி நேரம். மதியம் வரை இரண்டுதான் ஆயிற்று. சாயங்காலத்துக்குள் நாலு. ஒரே ஒரு தோரணம். நேர்த்தி என்று சொல்ல முடியாது. என் காக்காய்க்கு அண்ணன் மாதிரி இருந்தது ஒன்று. அதைத்தான் நிலைவாசலில் கட்டினோம்.

கணக்கு முடிக்கிறேன். குருத்து 40 ரூபாய். வேப்பிலை, ஆவாரை, பூளை, மாவிலை, வாழைநார் செலவில்லை. ரோஜா மாலை சித்தப்பா உபயம். பிளாஸ்டிக் தோரணம் 180. கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டாராம். இலை ஒன்றுகூட உதிரவில்லை, யாருக்காவது வேண்டுமானால் பாதி விலைக்குத் தருகிறேன். ரப்பர் பந்தை மகள் எடுத்துக்கொண்டு போய்க் கிரிக்கெட்டில் தொலைத்துவிட்டாள்.

காணும் பொங்கலன்று அம்மா கேட்டாள்: "குருத்து இன்னும் கெடைக்குமாடா?"

"பொங்கல்தான் முடிஞ்சுபோச்சேம்மா?"

"தைப்பூசம் வரலியா?"